கல் வெட்டுவதைத் தடுத்தவர்

நம் பிழைப்பைக் கெடுத்தவரை நல்லவர் என்று சொல்லலாமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பென்னாகரம் பக்கத்துக் காட்டுக்காவலர் அவர். ஒல்லியான உடம்பு, சாயம் போன காக்கிச் சட்டை, விரலெல்லாம் சுண்ணாம்பு. காட்டின் எல்லையைக் காட்டும் கற்குவியல்களுக்கு ஓயாமல் வெள்ளையடிப்பார். யுத்த காலத்தில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்க வந்த கண்டிராக்டரின் ஆட்கள், பாறை காட்டுக்கு வெளியே விழும்படி ஒரு குவியலைக் கலைத்து மேலே தள்ளி அடுக்கிவிட்டார்கள். பழைய இடத்து மண்ணில் சுண்ணாம்பு சிந்தியிருந்ததை மேலதிகாரியிடம் காட்டி, இவர் வேலையை நிறுத்திவிட்டார். அங்கே மேஸ்திரியாக இருந்த என் கணவருக்குப் பிழைப்பு போயிற்று.

மறுநாளும் வழக்கம்போல எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்.

“எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டுத் தண்ணி வேறயாங்க?” என்றேன். இடுப்பில் கைக்குழந்தை அழுதது.

“இந்தத் தண்ணியே அந்தப் பாறை ஊத்துதாம்மா. வேட்டு வெச்சா அடைஞ்சிடுங்க.”

“பாப்பாவுக்குப் பாலுக்கு என்னங்க வழி?”

“அது எனக்குத் தெரியலீங்களே.”

செம்பை நீட்டினேன். குடித்துவிட்டுப் போனார்.

இப்போது அதே கண்டிராக்டர் மாரண்டஹள்ளிப் பக்கம் வேறொரு பாறைக்கு என் கணவரைக் கூப்பிடுகிறார். அதன் அடியிலும் ஊற்று இருக்கிறதாம். தடுக்கத்தான் யாரும் இல்லை. போகச் சொல்வதா, வேண்டாம் என்பதா? இதைப் படிப்பவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.