நூற்றில் வைத்த வெளிச்சம்

கணினித் திரையில் கோளாறு என்று யார் அழைத்தாலும் நான் நான்கு கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பேன். பவர் லைட் எரிகிறதா? என்ன நிறம்? வயரின் இரண்டு முனையும் இறுகியிருக்கின்றனவா? கடைசியாக யார், எதை மாற்றினார்கள்? மன்னாரில் பெரும்பாலான கோளாறுகள் மூன்றாவது கேள்வியோடு தீர்ந்துவிடும். உப்புக்காற்றில் வயர் முனையில் களிம்பு பிடித்துப் படம் துடிக்கும்; கழற்றித் துடைத்து மாட்டினால் சரி. நான்காவது கேள்விக்கு மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "நாங்கள் ஒண்டும் மாத்தேல்லை."

தலைமன்னாரில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, படம் திருத்தும் வேலையை அங்கேயே பழகி, குடும்பத்தோடு திரும்பி வந்தவள். முசலிப் பக்கத்து நிக்காஹ் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மணமகளின் தாய் அந்தக் கலியாணப் பட அல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். படங்களில் எல்லா முகங்களும் கறுத்திருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக்காவிட்டால் வேறு ஸ்ரூடியோவில் கொடுத்துவிடுவாராம்.

"அவங்க ஊர்ல இன்னும் மூணு கலியாணம் இருக்கு அண்ணா. இது போனா எல்லாம் போயிடும்," என்றாள் தொலைபேசியில். பதற்றம் வந்தால் அவளுடைய பேச்சு தமிழ்நாட்டுக்குப் போய்விடும்.

"பிரின்ட் எடுத்த இடத்தில பிழையோ?"

"டவுன்லதான் எடுத்தேன். அங்க மத்தவங்க படம் எல்லாம் நல்லாத்தான் வருது."

"திரையில எப்பிடி?"

"திரையில பளிச்சுன்னு இருக்கு."

அந்தப் பதிலிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. புதன்கிழமை காலை பஸ்ஸில் போனேன்.

கடை கடலைப் பார்த்து இருக்கிறது. வெள்ளை மணலில் பட்ட வெயில் கதவு வழியாக நேரே திரையில் விழுந்தது. பட்டனை அழுத்தி மெனுவைத் திறந்தேன். பிரைட்னஸ் நூறு. வெயில் இறங்கிய பிறகு கண்கூசும் அந்தத் திரையில், படம் அளவாகத் தெரியும்வரை அவள் ஒவ்வொன்றையும் இருட்டாக்கியிருக்கிறாள். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இருட்டு இருட்டாகவே அச்சாகியிருந்தது.

"ஆர் இதை நூறுக்கு ஏத்தினது?"

"ஞாபகம் இல்ல அண்ணா."

நான் பார்க்கும் ஒவ்வொரு மொனிட்டருக்கும் என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் உண்டு. அவளுடைய பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து: 'பகலில் திரை தெரியவில்லை என்கிறார். தொலைபேசியில் சொல்லி, பிரைட்னஸ் 100. திருப்தி.' அவளிடம் காட்டினேன்.

"அப்ப நீங்கதான்."

"ஓம், நான்தான்."

"அப்ப நாலாவது கேள்விய உங்ககிட்டல்ல கேட்டிருக்கணும்."

அந்தக் குறிப்பை எழுதிய காலத்தில் அவள் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கு நூறு பரவாயில்லை. படத்துக்கு அது சரிவராது. என்ன வேலைக்கு இந்தத் திரை என்று நான் கேட்கவே இல்லை. அன்றே அதை ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன்.

மேசையை இருவருமாகப் பக்கச் சுவரோரம் தள்ளி, திரையில் கதவு வெளிச்சம் விழாதபடி திருப்பினோம். பழைய அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன். திருப்பி வந்த படம் ஒன்றைத் திரையின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, தாளும் திரையும் ஒன்றாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே போனேன். இருபத்தெட்டில் நின்றது.

"குகைக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"பத்து நிமிசம் பொறுங்கோ. கண் பழகிவிடும்."

கண் பழகியதும் திரையைப் பார்த்தவள், "ஐயோ, இதையா குடுத்தேன்," என்றாள் மெல்ல. பிறகு என்னை மறந்து வேலையில் இறங்கிவிட்டாள். திருத்திய ஆறு படங்களை டவுனுக்கு அனுப்பினோம். அச்சானவை பின்னேர பஸ்ஸில் கண்டக்டர் கையில் வந்தன. எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவள்தான் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். முகங்கள் முகங்களாக வந்திருந்தன.

மீதிப் படங்களும் அச்சாகிப் புது அல்பம் தயாரான வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் கடைக்குப் போனேன். பிழை என்னுடையது என்பதால் விளக்கமும் நானே சொல்வதுதான் முறை. ஆனால் மணமகளின் தாய் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, புது அல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"முகம் சரி. மருதாணியும் தெரியுது."

ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. மாப்பிள்ளைக்குப் பின்னால், பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவர் வாய் நிறையச் சோற்றோடு கமெராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தரம் இவர் இருட்டுக்குள்ள இருந்தார். இவர மட்டும் பழையபடி கறுப்பாக்க ஏலாதா புள்ள?"

"வெட்டியே எடுத்துடலாம் ராத்தா."

"வெட்டாத. அது எண்ட நானா, கூடப் பொறந்தவர். இருட்டாக்கினாப் போதும்."

அவள் திரையின் முன்னால் உட்கார்ந்து அந்த மூலையை மட்டும் இருட்டாக்கினாள். தாய் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம். ஆ, காணும், போதும். சின்னவள்ட கலியாணத்துக்கும் நீதான் வரணும். சஹன் பக்கம் மட்டும் போகாத."