சூசை மாமாவின் கொலோன்

லண்டனில், செவன் கிங்ஸ் பக்கத்தில் யாராவது ஜெர்மனிக்குச் சுற்றிப்பார்க்கப் போவதாக இருந்தால், ரிக்கற் போட முன்னமே சூசை மாமாவுக்குப் போன் எடுத்துவிடுவார்கள். சூசைதாசன் என்பது முழுப்பெயர். என் அப்பாவின் தங்கை சுசிலா மாமியைக் கட்டியவர். இல்பேர்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில், காசு வாங்குகிற கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். எண்பத்தேழிலிருந்து இரண்டாயிரம் வரைக்கும் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இருந்தவர். லண்டனில் அவருக்கு இருந்த ஒரே மதிப்பு அந்தப் பதின்மூன்று வருடங்கள்தான்.

"மூண்டு நாள் காணும்," என்று தொடங்குவார். "முதல் நாள் காலமை பெரிய கோயில், கதீட்ரல். கோபுரத்துக்கு ஐந்நூற்றி முப்பத்திமூண்டு படி. வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு ஏறாதேங்கோ. பின்னேரம் றைன் ஆத்திலை கப்பல். அடுத்த நாள் சொக்லேற் மியூசியம், பிள்ளையளுக்குச் சொட்டச் சொட்டச் சொக்லேற் குடுப்பாங்கள். பிறகு பழைய பியர் மண்டபம் ஒண்டிலை இருந்து சாப்பிடோணும். அங்கைதான் நான் செஃப்பா நிண்டனான்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார். அழுத்திச் சொல்கிறவள் அவருடைய மகள் கோசிகா. பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் தகப்பனைப் பற்றிப் பேசச் சொன்னபோது, கொலோனில் முப்பது பேருக்குத் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் என்று பேசிப் பரிசு வாங்கியிருந்தாள். சான்றிதழ் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் மாமா அதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கவேண்டும்.

என் அப்பா கிருஷ்ணராசாவுக்கு அவரைப் பிடிக்காது. தங்கை ஒரு வேதக்காரப் பெடியனை, கிறிஸ்தவனை, விரும்பிக் கட்டியது ஒரு காரணம். ஈஸ்ட்ஹாமில் இரண்டு கடை வைத்திருக்கிற தன்னை விட்டுவிட்டு, விருந்துகளில் சனம் பெற்றோல் நிலையக்காரனின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

2007 ஆகஸ்டில், மூன்று நாள் லீவு வந்தபோது அப்பா சொன்னார்: "சூசை, ஊரெல்லாத்தையும் அனுப்பிறாய். இந்த முறை நீயே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. வாகனம் என்ரை. பெற்றோல் என்ரை. சாப்பாடு மட்டும் நீ செஃப்பா நிண்ட இடத்திலை."

"அதைப் பூட்டியிருப்பாங்கள், மச்சான்."

கோசிகா கணினியைத் தட்டி இரண்டு நிமிடத்தில் படத்தோடு கண்டுபிடித்துவிட்டாள். "பூட்டேல்லை அப்பா! திறந்துதான் இருக்கு!"

"கெட்டிக்காரி," என்றார் என் அப்பா.

அம்மா கடையைப் பார்க்க நின்றுவிட்டார். சனி விடிய ஐந்து பேராகப் புறப்பட்டு, டோவரில் கப்பல் ஏறி, பெல்ஜியம் தாண்டிப் பின்னேரம் கொலோன் போனோம். சொக்லேற் மியூசியத்தில் ஒரு பெண் சொக்லேற் ஊற்றில் தோய்த்த பிஸ்கற் கொடுத்தாள். கோசிகா பாதியைக் கடித்துவிட்டு மிச்சத்தை மாமாவின் வாயில் வைத்தாள். அவருடைய மீசையில் ஒட்டிய சொக்லேற்றைத் தன் கையாலேயே துடைத்தாள். அந்தப் பயணத்தில் அவர் சிரித்ததை நான் கண்டது அப்போது மட்டும்தான்.

ஞாயிறு காலை கோயில். மாமா எங்களைப் பெரிய கதவால் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கோபுரப் படிக்கு வழி தெரியாமல் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். சிவப்பு அங்கி போட்ட காவலர் வந்து, வெளியே போய்த் தெற்குப் பக்கத்தால் வரவேண்டும் என்று கை காட்டினார்.

"நூறு தரம் ஏறின ஆளுக்கு வாசல் தெரியேல்லையோ?"

"மாத்திப்போட்டாங்கள், மச்சான்."

"எழுநூறு வருசமா நிண்ட கோயில், நீ வெளிக்கிட்டு ஏழு வருசத்திலை மாறிப்போச்சு, என்ன?"

மேலே காற்று முகத்தில் அடித்தது. "உங்கடை ரெஸ்ரோறன்ற் எது அப்பா?" என்று கோசிகா கேட்டாள். மாமா கம்பிவலைக்குள்ளால் கனநேரம் பார்த்தார். மேலிருந்து அந்தக் கூரைகளை அவர் முன்பு கண்டதில்லை என்று எனக்குப் பட்டது.

மத்தியானம் மாமா சொன்ன பியர் மண்டபத்துக்குப் போனோம். முன்கதவை மாமா தள்ளினார். திறக்கவில்லை. பிறகு இழுத்தார். நீளமான மர மேசை. சுசிலா மாமி மெனு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டா.

"பன்றிக்கால் எடுங்கோ," என்றார் மாமா. "எலும்பு மட்டுந்தான் திரும்பி வரும். இரத்தச் சொசேஜ் வேண்டாம், அரைவாசி அப்பிடியே வரும்."

"எங்கை வரும்?" என்று கேட்டார் அப்பா.

மாமா மேசையில் கிடந்த முள்ளுக்கரண்டியை நேராக்கி வைத்தார்.

ஒடுங்கின சின்னக் கிளாஸ்களில் பியர் வந்தது. அப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. கிளாஸின் கீழே வட்டமான தடித்த அட்டை. கிளாஸ் வெறுமையானதும், கேளாமலே வெயிட்டர் இன்னொன்றை வைத்து அட்டையில் பென்சிலால் கோடு கீறினார். பிறகும் ஒன்று. மாமா கையை ஆட்டினார், ஏதோ ஜெர்மனில் சொன்னார். சத்தத்தில் வெயிட்டருக்குக் கேட்கவில்லை. பதினொரு கோடு வந்துவிட்டது.

"நிப்பாட்டச் சொல்லடாப்பா! உன்ரை ஊர்தானே?"

பக்கத்து மேசைக் கிழவி எட்டி, அட்டையை எடுத்து மாமாவின் கிளாஸ் வாயை மூடினா. பியர் வருவது நின்றது. "இப்படித்தான். கொலோனில் எல்லோருக்கும் தெரியுமே," என்றா ஆங்கிலத்தில்.

"எல்லாருக்கும் தெரியுமாம்," என்றார் அப்பா மெல்ல.

அந்த நேரத்தில்தான் வயதான இன்னொரு வெயிட்டர் வந்து மாமாவின் தோளைப் பிடித்தார். "ஸூஸி!" கட்டிப்பிடித்தார். கண் கலங்கிவிட்டது மனிசனுக்கு. எங்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்: "பதின்மூன்று வருடம் இந்தத் தட்டுகள், கிளாஸ்களையெல்லாம் கழுவியவர் இவர்தான். பின்வாசலால் வருவார், பின்வாசலால் போவார். ஒரு கிளாஸ் உடைத்ததில்லை. இவரைப்போல ஒருவர் பிறகு வரவே இல்லை."

அன்போடுதான் சொன்னார். மாமி மெனுவை இறக்கவில்லை. அவவுக்கு எல்லாம் முதலே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்பா எழும்பினார். "இவர் வேலை செய்த இடத்தை நாங்கள் பார்க்கலாமா?"

பார்க்கலாம். வெயிட்டர் பெருமையோடு பின்னால் கிளாஸ் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"சிங்குக்குப் பக்கத்திலை நில், சூசை. ஒரு கிளாஸைக் கையிலை பிடி. நிர்மலன், படம் எடு."

எடுத்தேன். முதல் படத்தில் மாமா கண்ணை மூடிவிட்டார் என்று அப்பா சொன்னதால் இன்னொன்றும் எடுத்தேன்.

கோசிகா கதவடியில் நின்றாள். "ஏன் பொய் சொன்னீங்கள், அப்பா?" ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் நனைந்த கிளாஸை எங்கே வைப்பது என்று பார்த்தார். "உனக்காகத்தான், பிள்ளை," என்று சொல்லி முடிக்கும்போது அங்கே அவள் இல்லை.

அட்டையை அப்பா சேர்ட் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு வந்தார். பதினொரு கோடு கீறிய அட்டை. அதன்பிறகு வெம்பிளியில் ஒரு கலியாணம், சட்டனில் ஒரு பூப்புனித விழா. மாமா கதைக்க வாய் திறந்தால், அப்பா அட்டையை எடுத்து அவருடைய கிளாஸை மூடுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அட்டை இல்லாத இடத்தில் கடதாசித் தட்டால் மூடினார்கள். வேறு ஆட்களும் மூடப் பழகிவிட்டார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் போன் எடுத்தால், "இன்ரநெற்றிலை பாருங்கோ," என்று மட்டும் மாமா சொன்னார். ஃபிரிட்ஜ் கதவில் சான்றிதழ் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

நவம்பரில் கோசிகாவின் பதினைந்தாவது பிறந்தநாள். அவர்களுடைய வீட்டு ஹோலில் இருபது பேர். கேக் வெட்டியாயிற்று. மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு மூலையில் இருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருவரும் கேளாமலே கதைக்கத் தொடங்கினார்.

"இவள் பிறந்த அண்டைக்குக் கொலோனிலை சரியான பனி. நான் வேலை உடுப்போடை, கையெல்லாம் சவுக்காரம்..."

அப்பாவின் கை பொக்கெற்றுக்குப் போனது. அதற்குள் கோசிகா எழும்பி வந்துவிட்டாள். "தாங்கோ மாமா," என்று என் அப்பாவிடம் அட்டையை வாங்கினாள். தகப்பனுக்கு முன்னால் குனிந்து, கோப்பை வாயில் அதை வைத்து, நடுவில் ஒரு விரலால் அமத்தினாள்.

வீடு அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா அட்டையை எடுக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். கடைசி ஆள் சப்பாத்துப் போட்டு வெளிக்கிடும்வரை அது அப்படியே மூடியிருந்தது.