செல்வி எஸ்.ஸும் திருமதி டி.யும்

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எதற்காக வெள்ளையாக விடுகிறார்கள் என்று யாராவது கேட்டால், ஆராய்ச்சிக்காக என்றுதான் நான் சொல்வேன். அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் முதுகலை விலங்கியல் படித்தபோது என் குறிப்பு அட்டைகள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுக்க விடமாட்டார். ஒரு அட்டைக்கு ஒரு செய்தி. மேலே எழுதியவர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம். "நோட்டுல எழுதினா அது அங்கயே தூங்கிடும்மா. அட்டைன்னா மாத்தி மாத்தி அடுக்கிப் பார்க்கலாம்" என்பார். அப்பாவின் ஆபீஸிலோ கல்யாணத்துக்குக் குறைவே கிடையாது. குரோம்பேட்டை வீட்டு அலமாரியில் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மஞ்சள் தடவிய மூலைகளை வெட்டி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கி வைத்துக்கொண்டேன். "உன் பத்திரிகையும் ஒருநாள் யாராவது நறுக்கப் போறாங்க" என்று அப்பா கேலி செய்தார்.

சாரிடம் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் வரும்: "யாரும்மா சொன்னது? எங்கே? எந்தப் பக்கம்?" இன்றைக்கு வெயில் அதிகம் சார் என்றால்கூட இதையே கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கும். ஆரம்பத்தில் எரிச்சல்தான் வந்தது. போகப்போக அந்தக் கேள்விகள் எனக்கும் தொற்றிக்கொண்டன. பக்கத்து வீட்டு மாமி ஊர்வம்பு சொல்ல வந்தால், யார் சொன்னது, எங்கே என்று கேட்டு அவரைக் கிளப்பிவிட்டேன். அதற்கு முன்பே எனக்கு எதிலும் மூக்கை நுழைக்கும் குணம் உண்டு. சார் அதற்கு முகவரி எழுதக் கற்றுக்கொடுத்தார்.

வகுப்பில் மற்றவர்கள் தவளையையும் கரப்பானையும் அறுத்துக்கொண்டிருக்க, நான் இரும்புலியூர் ஏரிப் பறவைகளை எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்று உப்புக்கொத்தி. கைக்குள் அடங்கிவிடும் பறவை. கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குடுகுடுவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எங்கள் நூலகத்தில் இருந்த தடித்த புத்தகம், இந்தப் பக்கத்துக்கு அது குளிர்காலத்து விருந்தாளி மட்டுமே, இங்கே முட்டையிடுவதில்லை என்று முடித்துவிட்டது.

ஆனால் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்றின் பழைய இதழ்களில் இரண்டு சிறு கட்டுரைகள் கிடைத்தன. முதலாவதை எழுதியவர் செல்வி எஸ். என்ற இனிஷியல்காரி. முழுப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர், எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர். கோடையில் வற்றிய அந்த ஏரித் தரையில் உப்புக்கொத்தியின் முட்டைகளைப் பார்த்ததாக அவர் எழுதியிருந்தார். சில ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு கட்டுரை திருமதி டி. என்பவருடையது. செல்வி எஸ். அனுபவமில்லாதவர், அவசரக்காரர், கூழாங்கற்களைப் பார்த்து முட்டை என்று நினைத்துவிட்டார் என்று அதில் போட்டுத் தாளித்திருந்தார்.

அட்டைகளைக் காட்டியதும் சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "சண்டை கெடைச்சிருக்கு உனக்கு! ரெண்டு பேர் முரண்பட்டாத்தான் ஆராய்ச்சிக்கு எடம் இருக்கு. விடாதே. மார்ச் கடைசி செமினார்ல இதையே பேசு. இது நிரூபணமாயிடுச்சுன்னா உன்னை மேல ஆராய்ச்சிக்கு எடுத்துக்கச் சொல்லி நானே டிபார்ட்மென்ட்ல கேக்கறேன்."

அன்றிலிருந்து திருமதி டி. எனக்கு ஜென்ம எதிரி ஆனார். தங்கக் கண்ணாடியும் பட்டுப்புடவையுமாக, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அம்மாளாக அவரைக் கற்பனை செய்துகொண்டேன். செல்வி எஸ். வெயிலில் கறுத்த, ஒல்லியான, இரட்டைப் பின்னல் பெண். செமினாரில் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. கொல்லையில் காயும் துணிகளுக்கு முன்னால் நின்று தினமும் பேசிப் பழகினேன். அப்பாவின் எட்டு முழ வேட்டியைத் திருமதி டி.யாக வைத்துக்கொண்டு வாங்கு வாங்கு என்று வாங்கினேன்.

ஒரு மாலை அட்டைகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கட்டு கைதவறி விழுந்து பாதி அட்டைகள் குப்புறக் கவிழ்ந்தன. என் குறிப்புகள் மறைந்து, யார் யாருடைய கல்யாணங்களோ மேலே வந்தன. பொறுக்கும்போது ஒரு மணப்பெண்ணின் பெயர் கண்ணில் பட்டது. முன்னால் அவள் அப்பாவின் இனிஷியல். இந்தக் கல்யாணம் நடந்து நாளாகிவிட்டதே, இப்போது இவள் இனிஷியல் மாறியிருக்குமே என்று சும்மா நினைத்தேன். நினைத்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். செல்வி எஸ்., திருமதி டி. இரண்டு அட்டைகளையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இனிஷியலைக் கையால் மறைத்தால் மிச்சம் ஒரே பெயர்தான்.

மறுநாள் மூச்சிரைக்கப் போய்ச் சாரிடம் சொன்னேன்.

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான்..."

"நானாத்தான்னு அடிக்குறிப்பு போட முடியாதே. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கற பேர்மா இது. போய்க் கேளு."

இரண்டாவது கட்டுரையின் அடியில், ஊரப்பாக்கம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியை என்று போட்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடித்துப் போனேன். போகும்போதே மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசை. சரியாக இருந்தால் என் சண்டை போயிற்றே என்று கவலை.

மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடிக்கு அவர் வந்தார். சாயம் போன கைத்தறிப் புடவை, விரலெல்லாம் சாக்பீஸ் தூள். தங்கக் கண்ணாடி கிடையாது. இரண்டு அட்டைகளையும் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டும் நான்தாம்மா. இத்தனை வருஷத்துல நீதான் மொதல்ல கேக்கற."

"அப்புறம் ஏன் டீச்சர் வேற யாரையோ சொல்ற மாதிரி எழுதினீங்க?"

"முன்னாடி வந்த கட்டுரையைக் குறிப்பிட்டுத்தான் எழுதணும்னு சங்கத்துல சொன்னாங்க. அதுல அச்சாகியிருந்த பேர் அதுதானே? அதைப் போட்டேன். அப்புறம் பேனா தானா ஓடுச்சு. என்னை நானே திட்டிக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அட்டையைத் திருப்பித் தராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் கட்டுரையைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஒருவர், பொண்ணு கூழாங்கல்லைப் பொறுக்கிட்டு வந்திருக்கு என்றாராம். அறையே சிரித்ததாம். பதில் சொல்ல இவரிடம் எதுவும் இல்லை. "தொட்டாப் பறவை கூட்டை விட்டுடுமோன்னு பயந்து தள்ளி நின்னுதான் பார்த்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தத் தடிப் புத்தகம் கைக்கு வந்துச்சு. அவ்வளவு பெரியவங்க இல்லேன்னு எழுதியிருக்கும்போது நான் எந்த மூலைக்கு? சிரிச்சது நியாயம்தான்னு நெனைச்சேன். அவங்க திட்டறதுக்கு முன்னாடி நானே திட்டிட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆனா ஒண்ணு. அது முட்டையா கல்லான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் செமினாருக்காக மட்டும் இல்லை. தன் கண்ணையே நம்பாமல் ஒருத்தி இத்தனை வருஷம் இருந்திருக்கிறாளே என்று ஆத்திரம் பொங்கியது. சாரிடம் போய்ச் சொன்னதற்கு, சொன்னதைத் தானே மறுத்துவிட்ட சாட்சி சாட்சியே இல்லை, ஏரியில் எதையாவது கண்டுபிடி, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று என்று கையை விரித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக டீச்சர் இரும்புலியூர் பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கினார். நான் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஏரி பாதிக்கு மேல் வற்றி, சரளைத் தரை தெரிந்தது. நான் குனிந்து குனிந்து தேடினேன். கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா தேடிகினு கீறீங்க? கம்மலு எதுனா வுயுந்துட்ச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. வுழுந்து ரொம்ப வருஷமாச்சு" என்றார் டீச்சர். அந்தப் பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரிவாளோடு தள்ளிப் போய்விட்டாள்.

"கூட்டைத் தேடாதே. பேசாம உக்காரு. பறவை எங்க போய் உக்காருதுன்னு பாரு" என்றார் டீச்சர். கரை ஓரத்துப் பனைமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தோம். உப்புக்கொத்தி ஓடியது, நின்றது, எங்களை ஏமாற்ற வேறு பக்கம் ஓடியது. கடைசியில் ஒரு இடத்தில் வயிற்றை ஆட்டி ஆட்டி அமர்ந்தது. கண்ணை எடுக்காமல் அந்த இடத்தை நோக்கி நடந்தோம். பறவை எழுந்து போனது. அங்கே சரளைக்கு நடுவில் நாலு சாம்பல் கற்கள், மேலே கறுப்புப் புள்ளிகள். சுற்றிலும் அதே போல ஆயிரம் கற்கள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அன்று சிரித்தவர்கள் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

டீச்சர் குந்தி உட்கார்ந்தார். முதலில் பக்கத்தில் கிடந்த கல் ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இது சில்லுனு இருக்கு" என்றார். பிறகு அந்த நாலில் ஒன்றின் மேல், பட்டும் படாமலும், அதே விரலை வைத்தார். மறுபடி கல்லைத் தொட்டுவிட்டு அதைத் தொட்டார்.

"வெதுவெதுன்னு இருக்கும்மா."

நானும் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்த அந்தத் தரையில் அது மட்டும் உடம்புச் சூட்டில் இருந்தது.

"அடிப்பாவி, சரியாத்தாண்டி பார்த்திருக்க" என்றார் டீச்சர். முதலில் என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பறவை திரும்பி வரட்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாகக் கரைக்கு நடந்தார்.

மறுநாள் சாரும் வந்து ஒரு விரல் வைத்துப் பார்த்தார். யாரையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை அவர். செமினாரில் கொடுக்கப் பிரதிகள் எடுப்பதற்காகக் கட்டுரையை ஸ்டென்சில் வெட்டும்போது பெயர்களை எப்படிப் போடுவது என்று கேட்டேன். "என்ன அச்சாகியிருக்கோ அப்படியே ரெண்டு பேராப் போடு. கடைசிப் பக்கத்துல ஒரு அடிக்குறிப்பு, இருவரும் ஒருவரேன்னு. யார் சொன்னதுன்னும் போட்டுடு."

செமினார் அன்று அறை நிறைந்திருந்தது. டீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேட்டியிடம் பேசிப் பழகியது வீண் போகவில்லை. குரல் அவர் வரைக்கும் போயிற்று. ஆனால் திருமதி டி.யைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. செல்வி எஸ். சொன்னது இது, திருமதி டி. மறுத்தது இது, நாங்கள் பார்த்தது இது என்று கூடு இருந்த இடத்துக்கு நான் போட்ட வரைபடத்தைக் காட்டி முடித்தேன்.

முன்வரிசையிலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். கையில் என் கட்டுரை இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? "எல்லாம் சரிம்மா. இந்த மிஸ் எஸ்., மிஸஸ் டி. ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்கதானே? இத்தனை வருஷத்துல ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

"பார்த்துக்கிட்டாங்க சார். போன சனிக்கிழமை காலையில, ஏரிக்குள்ள."

அறையில் சிரிப்பு எழுந்தது. என் சார் மட்டும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். எல்லாத் தலைகளும் அவரோடு திரும்பின. டீச்சர் எழுந்து நின்றார். முன்பு ஒரு அறை சிரித்தபோது பதில் சொல்ல முடியாமல் நின்றவர். இந்த முறை சிரிப்பு அடங்கும் வரை பொறுமையாக இருந்தார்.

"மிஸஸ் டி. மன்னிப்புக் கேட்டாச்சு சார். அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டாளான்னுதான் இன்னும் தெரியல."