கட்டிலுக்கு அடியில் ஒரு சர்வர்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பதுதான் என் தொழில். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த தெருக்களில் ஒன்றில், மாடி போர்ஷனில் இருக்கிறோம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு அவர் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது.

முகூர்த்த மாதம் ஒன்றில் என் ஹார்ட் டிஸ்க் திடீரென்று நின்றுபோனது. மூலப் படங்கள் போட்டோகிராபரிடம் பத்திரமாக இருந்தன. ஆனால் நான் திருத்தி அடுக்கிய பக்கங்கள் எல்லாம் போய்விட்டன. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து செய்யும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி ஒரே டிஸ்க்கை நம்பக் கூடாது என்று. மாதாமாதம் வாடகை கட்டி வெளியே சேமிக்கவும் மனம் வரவில்லை. வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டிக்கொள்ளலாம் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எப்போதும் அணையாமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதில் வைத்த ஃபைலை வீட்டிலிருந்தும் எடுக்கலாம், வழி திறந்துவிட்டால் வெளியிலிருந்தும் எடுக்கலாம்.

தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் பாய் கடை ஒன்று இருக்கிறது. ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது போதும்மா உங்களுக்கு. கரண்ட்டும் கம்மியா இழுக்கும். ரேம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுத் தர்றேன்."

"டிஸ்க்கும் உங்ககிட்டயே பழசு இருக்குங்களா பாய்?"

"இருக்கு, உங்களுக்குக் குடுக்க மாட்டேன். டிஸ்க் புதுசா வாங்குங்க. மத்ததெல்லாம் பழசே போதும்."

அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டு புது டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு. பெட்டியை வைக்க ஹாலில் இடமில்லாமல் மாமாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"இன்னாம்மா இது, சத்தமே காணோம்?" என்றார் மாமா.

"சத்தம் வராம இருந்தாதான் மாமா நல்லது."

இரண்டாவது வாரம் மத்தியானத்தில் பெட்டி தானாக அணைந்தது. மறுநாளும் அப்படியே. வெயில் காலம், சூடு என்று நினைத்து ஃபேன் எல்லாம் கழற்றித் துடைத்தேன். கடைசியில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், பெட்டியின் மேல் மாமாவின் டர்க்கி டவல் நாலாக மடித்துப் போர்த்தியிருந்தது. தூசி விழக்கூடாதே என்று அவர் செய்த உபகாரம். டவலை எடுத்தேன். பெட்டி ஓடியது.

என் கொழுந்தன் கனடாவில் இருக்கிறான். என்னைவிடச் சின்னவன், அண்ணி அண்ணி என்று உரிமையாகப் பேசுவான். நான் சர்வர் கட்டியிருக்கிறேன் என்றதும் குதித்தான்.

"அண்ணி, அதுல ஒரு கேம் போடலாமா? நீங்களும் நானும் வெளையாடலாம். அந்தப் பெட்டிக்கு அது ஒரு வேலையே இல்ல."

மண்ணும் கல்லும் கட்டை கட்டையாக இருக்கும் ஒரு உலகம். வெட்டி எடுத்து, அடுக்கி, வேண்டியதைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதை ஏற்றி முடித்தும் அவனால் உள்ளே வர முடியவில்லை. எங்கள் தெரு கேபிள்காரர் தரும் இன்டர்நெட்டில் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாதாம். தெருவுக்கே பொதுவாக ஒன்றுதானாம். போன் போட்டுத் தனியாக ஒன்று கேட்டேன்.

"தனி ஐ.பி.யா? சிசிடிவி போடறீங்களா மேடம்?"

"இல்லைங்க. ஆல்பம் அனுப்பறதுக்கு. அப்புறம் கொஞ்சம் கேம்."

"கேமா? நீங்களா?" என்று சிரித்துவிட்டு, மறுநாளே போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு காலையில் மாமாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, வேலையைத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் விளையாடுவேன். அவனுக்கு அப்போது முந்தைய நாள் சாயங்காலம். ஹெட்போனில் பேசிக்கொண்டே மண் வெட்டுவோம். ஆல்பமும் அதே பெட்டியிலிருந்துதான் போனது. கல்யாண வீட்டாருக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும், பென் டிரைவ் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

மாமாவும் அவனும் போனில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்பா." "குளிரா?" "ஆமாம்பா." அதோடு சரி. அத்தை இறந்தபோது அவனால் வர முடியவில்லை. வீடியோவில்தான் பார்த்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு பௌர்ணமி காலை. கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தில் போன் லைன் எதுவும் கிடைக்கவில்லை. மாமா தன் போனில் வைஃபை போட மாட்டார், காசு கட்டிய டேட்டா வீணாகிவிடுமாம். நாலைந்து முறை முயன்றுவிட்டு என் அறைக்கு வந்தார்.

"தம்பி லைன் கெடைக்கலயேம்மா."

"தம்பி இங்கதான் இருக்கார் மாமா" என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

திரையில் ஒரு கட்டை உருவம் இவரைப் பார்த்துக் குதித்தது. "யாரு, நீயாடா?" என்றார். அப்படித்தான் உள்ளே வந்தார். முதலில் அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். பிறகு பொறுமை போய், இரண்டு விரலால் தானே வெட்ட ஆரம்பித்தார். ஊர் கட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. ரோடு போட வேண்டும், ஸ்டாப்பிங் வைக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டில் எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று போர்டு வைக்க வேண்டும். மகன் கல் வெட்டிக் கொண்டுவந்து கொட்டுவான், அப்பா பரப்புவார். என் நாற்காலி காலை நேரத்தில் எனக்குக் கிடைக்காமல் போனது.

அந்த உலகத்தின் நடுவே ஒரு மலை இருந்தது. ஒருநாள் மாமா உள்ளே போனபோது அதன் அடிவாரத்தில் ஒரு பெரிய ஓட்டை.

"சுரங்கம் போட்டுட்டேன்பா. ரூட் பாதி கம்மியாயிடும்" என்றான் அவன். எனக்கும் கேட்பதற்காக அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"மலைய எவனாவது கொடைவானா? சுத்திதான்டா போவணும்."

"இது கேம்பா."

"எதுவா இருந்தா இன்னா? உனக்கு எல்லாத்துலயும் குறுக்கு வழி. அம்மா போனதையே போன்ல பாத்து முடிச்சுக்கினவன்தானே."

அவன் மெதுவாகப் பேசினான்.

"விசா பேப்பர் அவங்க ஆபீஸ்ல இருந்துச்சுப்பா. நான் கெளம்பி வந்திருந்தா திரும்ப உள்ள விட்டிருக்க மாட்டாங்க. அப்பவும் டிக்கெட் பாத்தேன். ஆஸ்பத்திரியில இருந்தப்ப அம்மாதான் வராதன்னாங்க. எது ஆனாலும் வராதன்னு. அப்பாகிட்ட சொல்லாத, என்னத் திட்டுவாருன்னாங்க."

மாமா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் கீரைக் கட்டு இருந்தது. அதைச் சமையலறையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அவ சொல்லியிருப்பாம்மா. சொல்ற ஆளுதான்."

அதன் பிறகு கொழுந்தன் உள்ளே வரவில்லை. அன்று மத்தியானம்தான் மொட்டை மாடியில் குரங்குக் கூட்டம் இன்டர்நெட் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடி அறுத்துவிட்டது. கேபிள்காரர் வந்து அன்றைக்கே சரி செய்துவிட்டுப் போனார். மாமா மட்டும் தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். காதில் யாரும் பேசுவதில்லை. அவர் பாட்டுக்கு மலை ஓரமாகக் கல் பரப்பிக்கொண்டிருப்பார். அவனுக்குப் போன் பண்ணிப் பார்க்கலாமா என்று பலமுறை நினைத்தேன். அப்பா மகன் விஷயத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செங்கம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூப்பிட்டார்கள். "மேடம், லிங்க் ஓப்பனே ஆகல." எனக்கு நன்றாகத் திறந்தது. வீட்டை விட்டுத் தெருமுனைக்குப் போய் என் போனில் திறந்தேன், திறக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. கேபிளைச் சரி செய்தபோது எங்கள் தனி முகவரி போய் மறுபடி பொது முகவரி வந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் ஓடும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

உடனே கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"நீங்க உள்ள வரப் பாத்தீங்களா தம்பி?"

"டெய்லி பாத்தேன் அண்ணி. அப்பா மூடச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

போனைக் கையில் வைத்தபடியே மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"நான் எதுக்கும்மா மூடச் சொல்றேன்? நான்தான் அவன் வரலன்னு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். பிறகு போனை வாங்கிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "டேய், கொரங்கு பண்ண வேலைடா! வா உள்ள!"

கேபிள்காரர் முகவரியை மாற்றிக் கொடுத்ததும் அவன் வந்தான். அவன் போட்ட சுரங்கத்தை மாமா மூடவில்லை, அப்படியே விட்டிருந்தார். ஆனால் மலையைச் சுற்றி முழு ரோடு ஒன்று கிடந்தது. வளைவுகளில் விளக்கு, இடையிடையே நிழற்குடை. இரண்டு விரலால் போட்ட ரோடு.

"தனியாவா போட்டீங்க?" என்றான்.

"வேற யாரு வந்து போடுவா? நட, பாத்துட்டு சொல்லு."

இரண்டு கட்டை உருவங்களும் ஒன்றின் பின் ஒன்றாக மலையைச் சுற்றின. பாதி தூரத்தில் அவன் அழுவது ஸ்பீக்கரில் கேட்டது. "அடுத்த வளைவுல மேடு இருக்கும், பாத்து வா" என்று மட்டும் சொன்னார் மாமா. நான் மெதுவாக எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பேப்பர் கைக்கு வந்ததும் தை மாதம் அவன் நிஜமாகவே வந்தான். அத்தைக்குப் படையல் போட்டோம். நாங்கள் எல்லோரும் எங்கள் போன்களில் சிதறிக் கிடந்த அத்தை படங்களைத் தேடி எடுத்து சர்வரில் ஒரே இடத்தில் சேர்த்தோம். மற்றவர்கள் பார்த்திராத படம் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருந்தது. அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இதற்கு எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்தினார்கள். அந்த வேலைக்கு நாலு நாள் ஆனது, அவர்கள் பேசிய பேச்சுக்கு அதுவும் போதவில்லை.

அவன் திரும்பிப் போய் அங்கே ஒரு பழைய லேப்டாப்பில் தானும் சர்வர் கட்டிக்கொண்டான். இங்கே நாங்கள் போடுவதெல்லாம் அங்கேயும் ஒரு பிரதி போய்விடுகிறது. மாமா இப்போது கேமில் பெங்களூர் ரூட் போடுவதில் இறங்கியிருக்கிறார். செங்கம் தாண்டியாகிவிட்டது. டீக்கு பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பதில் இரண்டு பேருக்கும் காலையில் சண்டை நடக்கிறது. எனக்கென்று பாய் கடையில் இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.