மகன் வரவில்லை என்று நானே எனக்கு அனுப்பிய செய்தி

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தபடியே அலுவலக வேலையைத் தொடங்கியிருந்தேன். கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "உங்கள் பிள்ளை இன்று முன்பள்ளிக்கு வரவில்லை."

நான்கு வயது மகனை ஏழரைக்கு இறக்கிவிட்டு, கணவர் வத்தளைக்கு வேலைக்குப் போயிருந்தார். உடனே அழைத்தேன்.

"பிள்ளையை உள்ளுக்க விட்டனீங்களோ?"

"ஓமப்பா. காலமையும் இதைத்தானே ரெண்டு தரம் கேட்டனீர்."

"கேற்றுக்குள்ள போனதைக் கண்ணால பார்த்தனீங்களோ?"

பதில் வருமுன் வைத்துவிட்டேன். முன்பள்ளித் தொலைபேசியோ ஓயாமல் எங்கேஜ். வீட்டுச் செருப்போடு இறங்கி ஓட்டோ பிடித்தால், காலி வீதி நெரிசலில் அது அசையவேயில்லை. "அய்யே, இக்மனட்ட" என்று சிங்களத்தில் சாரதியை அவசரப்படுத்திப் பார்த்தேன். பிறகு பாதி வழியில் இறங்கி ஓடினேன்.

வாசலில் ஏற்கெனவே ஏழெட்டுத் தாய்மார். உள்ளே மகன் களிமண் உருட்டிக்கொண்டிருந்தான். "அம்மா, ஏன் இப்பவே வந்தனீங்கள்?" என்று முகத்தைச் சுளித்தான். கட்டிப்பிடித்து அழவும் விடவில்லை.

டீச்சர் வரவு இடாப்பைத் தூக்கிக் காட்டினார். எல்லாப் பெயருக்கும் நீலப் பேனாவால் சரி போட்டிருந்தது. "எல்லாரும் வாசல் மெஷினில கார்டைத் தட்டினவை. பீப் சத்தமும் கேட்டது. இதுக்கு மேல நான் என்ன செய்யிறது?"

"எந்த விசரன் செய்த புரோகிராமோ! அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லைப் போல!" என்றார் ஒரு தாய்.

அந்த விசரன் நான்தான்.

எங்கள் நிறுவனத்துக்காக, ஒரு ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழியில் நான் எழுதியது அது. கார்டைத் தட்டிய பிள்ளையின் பெயர் ஒரு தொகுப்புக்குள் போகும். ஒன்பது மணிக்கு அதில் இல்லாத பிள்ளைகளின் வீட்டுக்குச் செய்தி போகும். பீப் கேட்டதென்றால் பெயர் உள்ளே போயிருக்கிறது. பிறகு எங்கே போனது?

அப்போதுதான் உறைத்தது. நினைவகம் மிச்சமாகும் என்று நான் வீக் ஹாஷ் செட் என்ற வகைத் தொகுப்பைப் போட்டிருந்தேன். சாதாரணத் தொகுப்பு, கொடுத்ததை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். இது அப்படியில்லை. புரோகிராமில் வேறெங்கும் அந்தப் பெயரைப் பிடித்து வைக்காவிட்டால், கணினி நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போது இங்கேயும் அழிந்துவிடும். இரண்டு வாரமாக இதைப் பயன்படுத்தியது இந்த ஒரு முன்பள்ளிதான், கொஞ்சப் பெயர்கள்தான். துப்புரவுக்குத் தேவையே வரவில்லை. அன்று இன்னும் ஐந்து முன்பள்ளிகள் சேர்ந்திருந்தன. துப்புரவு நடந்தது. வந்திருந்த பிள்ளைகள் வராதவர்களானார்கள். பிழை என்று ஒரு வரிகூடக் காட்டாமல்!

இதைவிட எரிச்சல் வேறொன்று. என்னோடு வேலை செய்யும் இளம் பெண் ஒருத்தி முன்பே கேட்டிருந்தாள். "அக்கா, இந்தப் பெயர்களை வேற எங்கயும் பிடிச்சு வச்சிருக்கிறீங்களோ? ஒருக்காப் பாருங்கோவன்."

"எல்லாம் பார்த்தாச்சு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். காஸை மூடினேனா என்று லிஃப்டிலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். அதை மட்டும் பார்க்கவில்லை.

"நான்தான் செய்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன் வாசலில்.

திட்டிய அந்தத் தாய் என்னை மேலிருந்து வீட்டுச் செருப்பு வரை பார்த்தார். "உங்களுக்கும் மெசேஜ் வந்ததோ?"

"ஓம்."

"நல்லா வேணும்" என்றவர் சிரித்துவிட்டார்.

தொகுப்பைச் சாதாரண வகைக்கு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா வீடுகளுக்கும் மன்னிப்புச் செய்தி அனுப்பினேன். பிறகு வேலையிடத்து அந்தப் பெண்ணை அழைத்து, அவள் கேட்டதுதான் சரி என்று சொன்னேன்.

இன்றும் காலையில் கணவரிடம் இரண்டு தரம் கேட்கிறேன். அவரும் இரண்டு தரம் "ஓமப்பா" என்கிறார். என் ஆயிரம் கேள்விகளை வீட்டில் பொறுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்த ஒரேயொரு கேள்வியை நான் பொறுக்காததால்தான் அத்தனை தாய்மார் அன்று பதறி ஓடினார்கள் என்பது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.