கழன்று வந்த கைப்பிடி

எங்கள் கடற்கரையில் வலை அறுந்தாலும் வள்ளம் மோதினாலும் ஊர்க் கமிட்டிதான் விசாரிக்கும். அதில் இரண்டு வழக்கம் உண்டு. யார்மேல் புகாரோ அவனும் அவன் சொந்தக்காரனும் கமிட்டியில் உட்காரக் கூடாது. புகார் சொல்பவர் முதலில் தன் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னவர் பேச்சைத்தான் ஊர் நம்பும்.

இந்தப் பழக்கத்தோடுதான் என் மனைவி ரயில்வே விசாரணைக்குப் போனாள்.

தூத்துக்குடி ஸ்டேஷனுக்குள் ரயில் நுழையும்போது அவள் பிடித்திருந்த வாசல் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. மார்க்கெட்டில் மீன் வெட்டி விற்கிறவள் அவள். இப்போது அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருப்பவர்தான் பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவுக்கே தலைவர் என்று வெளியே பியூன் சொல்லியிருந்தார். அவளோ, ஊர்க் கமிட்டி முன்னால் நிற்பதுபோல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“எம்மேலயும் தப்பு உண்டு சார். ரயில் நிக்கதுக்கு முன்னாலயே எந்திச்சு வாசல்ல போயி நின்னுட்டேன். ஆனா அந்தக் கம்பியில ஒரு திருகாணிகூட இல்ல சார்.”

தப்பு உண்டு என்றதை எழுதிக்கொண்டார்கள். திருகாணி என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள். பயணியின் கவனக்குறைவு என்று முடிவு வந்தது. நல்ல கூத்து! மோதிய வள்ளத்துக்காரனே கமிட்டித் தலைவனாக உட்கார்ந்தால் தீர்ப்பு வேறு எப்படி வரும்? சம்பந்தமில்லாத வெளியாள் யாரும் விசாரிக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

“பெரிய விபத்துன்னா வெளியில இருந்து வருவாங்க. இது சின்ன கேஸ்,” என்றார் நடுவில் இருந்தவர்.

அவர் கையா போயிற்று? எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் ஒரு வள்ளம் எங்கள் வலையை அறுத்துவிட்டது. அன்று வலைக்கு அடையாளக் கொடி கட்டாமல் விட்டிருந்தோம். அது அவளுக்கும் தெரியும். ஊர்க் கமிட்டியில் புகார் சொன்னோம். எங்கள் வீட்டுக்காக அங்கே பேசுகிறவள் அவள்தான்.

“ஏளா, மொதல்ல ஒன் பக்கத்துத் தப்பச் சொல்லு,” என்றார் ஊர்த் தலைவர்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

கொடி கட்டாதது கடலுக்குப் போன எல்லாருக்கும் தெரியும். அன்றுதான் முதல் தடவையாக ஊர் அவளை நம்பவில்லை.