நிறைந்திருந்த டம்ளர்கள்

1933-ஆம் வருஷம் ஐப்பசி அடைமழையில் என் மனைவி ஞானம் கட்டிலிலிருந்து விழுந்தாள். எப்போது விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளால் சொல்லவும் முடியாது. அந்தக் கோடையில் வந்த பாரிச வாயு அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. சாயங்காலம் பத்திரிகை ஆபீஸிலிருந்து ராயப்பேட்டை வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்தேன். ஓட்டிலிருந்து ஒழுகித் தேங்கிய தண்ணீரில் கிடந்தாள். இடது கை கட்டில் காலைப் பற்றியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகலில் துணையிருந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு போய்விட்டாள். நான் வேலையை விட்டால் இருவருக்கும் சோறில்லை. இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் முன்பே அனுப்பிவிட்டார்கள். அந்த ஈரத் தரையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சபையில் எத்தனையோ பேருக்காக எழுந்து நின்று ஜெபித்தவன் நான். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். செய்தி எட்டியதும் ஞானத்தின் அண்ணன் வந்தார்.

“ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் குத்தம் எழுதுறீங்க மாப்ளே. கட்டினவளுக்கு ஒரு மூலை இல்லாமப் போச்சா?”

உங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் குடையைத் தேடினார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி என்று பல இடங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். முன் கூடத்தை நான் நம்புவதில்லை. சமையலறைக்குப் பின்னால் உள்ள சாக்கடையைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனாலும் ஞானத்தை ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றபோது என் கண்ணை நம்ப எனக்கே பயம் வந்தது. கடைசியில் ஜெபம் வந்தது. “ஆண்டவரே, என் கண்ணுக்குத் தப்புவதை நீர் காட்டும்.” அவ்வளவுதான்.

லஸ் பக்கத்தில் ஒரு தர்மவான் நோயாளிகள் இல்லமாக நடத்திவந்த பங்களாவுக்குப் போனேன். சாக்கடை சுத்தம். சமையலறையில் ஈ இல்லை. விரிப்புகள் வெளுத்திருந்தன. கட்டில்களுக்கடியில் குனிந்து பார்த்தேன், தூசி இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் துலக்கிய பித்தளை டம்ளர் நிறையத் தண்ணீர், அதற்கு ஒரு மூடி. தலைமை நர்ஸம்மாள் டம்ளர் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“இங்கே யாரும் எச்சில் பண்ணிக் குடிக்கறதில்லை. எல்லாரும் தூக்கித்தான் குடிப்பா. வியாதி பரவாது பாருங்கோ.”

எனக்கும் அது சரியென்று பட்டது. நான் பிறந்த வீட்டிலும் டம்ளரில் வாய்பட்டால் அம்மா அடிப்பாள். மருத்துவர் எப்போது வருவார், கஞ்சி எப்படி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார்களா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில். தண்ணீரைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பகலில் ஞானத்தை ஜட்கா வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார வைத்து, சாயாமல் தோளைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கட்டிலில் என் மனைவியைப் போலவே வாய் கோணிய ஓர் அம்மாள் படுத்திருந்தாள். ஞானம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முன்னால் சாய்ந்தாள். விழுகிறாள் என்று நினைத்து இறுகப் பிடித்தேன். விழவில்லை. இடது கையால் நடுவிலிருந்த முக்காலியின் டம்ளரை, மூடியைத் தட்டிவிட்டு, எடுத்தாள். பாதி விரிப்பில் சிந்தியது. மீதியை அந்த அம்மாளின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள்.

அந்த அம்மாள் குடித்தாள். விழுங்கும் சத்தம் அந்தச் சுத்தமான அறை முழுவதும் கேட்டது. டம்ளர் காலியான பிறகும் ஞானத்தின் மணிக்கட்டை அவள் விடவில்லை.

“எச்சில் பண்ணிட்டேளே,” என்று நர்ஸம்மாள் ஓடிவந்தாள்.

இந்த அம்மாள் எப்படித் தண்ணீர் குடிப்பார் என்று கேட்டேன்.

“நாங்கதான் டம்ளரைத் தூக்கி வாயில விடுவோம். விட்டா புரை ஏறறது. அதனால அதிகம் கொடுக்கறதில்லே. வேளைக்குக் கஞ்சி போறதே.”

அவள் கெட்டவள் அல்ல. தனக்குச் சொல்லிக்கொடுத்த சுத்தத்தைக் காத்தாள். நான் அறையைச் சுற்றி மூடிகளைத் தூக்கிப் பார்த்தேன். மற்ற எல்லா டம்ளர்களும் விளிம்புவரை நிறைந்திருந்தன. முந்தின நாளும் அப்படித்தான் இருந்தன. நிறைந்திருந்ததை நான் கவனிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஞானம் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துத்தான் குடித்துவந்தாள். தலையை அண்ணாந்தால் அவளுக்கும் புரையேறும். தினமும் பார்த்துப் பழகியதால் அது என் நினைவிலேயே இல்லை. பேச்சில்லாதவளைக் கொண்டு ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னார். படுக்கையைச் சுருட்டினேன்.

பிறகு சாந்தோமில் மீனவர் குப்பத்தை ஒட்டி, விதவையான நர்ஸம்மாள் ஒருத்தி நடத்திய சிறு வீட்டுக்குப் போனேன். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். காலடியில் மணல். கருவாட்டு வாசம். சாக்கடை அடைத்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கட்டிலோரத்து டம்ளர்கள் ஒன்று பாதி, ஒன்று கால், ஒன்று காலி. பக்கத்தில் குழந்தைக்குப் புகட்டுகிற மூக்குக் கிண்ணமான பாலாடை. அங்கே பணிவிடை செய்துவந்த அந்தோணியம்மாள் முன்பு மீன் விற்றவள். குரலில் அது தெரிந்தது.

“இன்னா நைனா, டம்ளரையே மொறைச்சுக்கினு கீற? எல்லாம் வாய் வச்சதுதான். கய்வித்தான் வச்சிக்கீறேன்.”

வாசலில் ஜட்காவில் இருந்த ஞானத்தை அவளே போய் அணைத்து இறக்கினாள்.

“தாகமா கீதா கண்ணு? சொல்ல வாணாம், மூஞ்சிலயே எய்திக்கீது.”

கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தலையைத் தூக்கி, பாலாடையை உதட்டோரம் வைத்தாள். ஞானம் குடித்தாள். புரையேறவில்லை. பிறகு என்னைப் பார்த்து, இடது கையால் அந்தக் கட்டிலைத் தட்டினாள். அவளை அங்கே விட்டுவிட்டுக் கடற்கரை வரை நடந்து போய் அழுதேன்.

தினமும் ஆபீஸுக்குப் போகுமுன் அவளைப் பார்த்துவிட்டுப் போவேன். அவள் ஒரு முறையாவது என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஜெபித்தேன். அது எனக்குக் கொடுக்கப்படவில்லை. அடுத்த வருஷம் உயிர்த்தெழுந்த திருநாளுக்குச் சற்று முன்பு, ஒரு காலையில், நான் பாலாடையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மடக்கு இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு அந்தோணியம்மாளைக் கூப்பிட்டேன்.

சிலுவையில் நம் ஆண்டவரும் தாகம் என்றுதான் கேட்டார். அவருக்குக் கிடைத்தது புளித்த காடி. என் ஞானத்துக்குக் கடைசிவரை நல்ல தண்ணீர் கிடைத்தது. இதற்காக நான் அவரைத் துதிக்கிறேன். துதிக்கும்போதும் அழுகை வருகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

லஸ் பங்களாவை நடத்தும் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பிறகு அங்கும் பாலாடைகள் வந்துவிட்டன. இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாந்தோம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் புகட்டப் போகிறேன். அந்தோணியம்மாள் கேட்காமலே பாலாடையைக் கையில் தருவாள். “நீ ஊத்துனா பாதி தலகாணிக்குத்தான் போவுது நைனா,” என்பாள். உண்மைதான். ஆனால் முன்னைவிடக் குறைவாகச் சிந்துகிறேன்.

உங்களில் யாராவது தம்மவரை ஒரு வீட்டில் விட நேர்ந்தால், “காட்டும்” என்று முதலில் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவார், எவரைக் கொண்டு என்று மட்டும் நாம் சொல்ல முடியாது. பிறகு போய்க் கட்டிலோரத்து டம்ளரைப் பாருங்கள். குறைந்திருந்தால், யாரோ ஒருவர் அங்கே ஒரு தலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அவரை அங்கே வைத்த ஆண்டவரை நம்பி, உங்கள் பிரியமானவரை விட்டுவிட்டு வாருங்கள்.